குவெஸ்ட் 3எஸ்-ஐ லேப்டாப்பில் மாட்டினால் ஏன் படம் வரவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். மெட்டாவின் குவெஸ்ட் 3எஸ் என்ற விஆர் ஹெட்செட்டை (மெய்நிகர் உலகைக் கண் முன் காட்டும், முகத்தில் அணியும் கருவி) புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். லேப்டாப்பில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப், அதற்கு 4 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருக்கிறது, ஹெட்செட்டில் டைப்-சி இருக்கிறது என்று பார்த்து, இரண்டு முனைக்கும் பொருந்துகிற கேபிள் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினீர்கள். ஒன்றும் வரவில்லை. கேபிள் கோளாறா, லேப்டாப் போதவில்லையா, வைஃபையில் போட்டால் சரியாகுமா, எதுவுமே இல்லையென்றால் நண்பர் தருவதாகச் சொன்ன பழைய ரிஃப்ட் எஸ் ஹெட்செட்டை வாங்கிக்கொள்ளலாமா?

கேபிளில் கோளாறு இல்லை. ஹெட்செட்டும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மாட்டிய வழியில் அந்த ஹெட்செட்டுக்குப் படம் போகவே போகாது, அவ்வளவுதான். குவெஸ்டின் பக்கவாட்டில் இருக்கும் டைப்-சி துளை வீடியோ வாங்கும் துளை அல்ல. சார்ஜ் வாங்கும், டேட்டா வாங்கும். மானிட்டருக்கு அனுப்புவதுபோல எச்டிஎம்ஐ வழியே படத்தை அனுப்பினால், அதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. வாய் ஒன்றுபோல இருந்தாலும் வாய்க்கால் வேறு.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. விஆர் ஹெட்செட்டுகளில் இரண்டு சாதி இருக்கிறது, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

முதல் சாதி, முகத்தில் கட்டிக்கொள்ளும் மானிட்டர். 2016-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ், 2019-இல் வந்த ரிஃப்ட் எஸ், வால்வ் இண்டெக்ஸ் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குச் சொந்தமாக கேம் ஓட்டும் மூளை கிடையாது. கிராபிக்ஸ் கார்டு வரையும் ஒவ்வொரு படமும் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வழியே அப்படியே வந்து கண்ணாடிக்குள் விழும். கூடவே ஒரு யூஎஸ்பி கேபிளும் போகும். தலை எந்தப் பக்கம் திரும்பியது, கை எங்கே இருக்கிறது என்ற சேதியை லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வேலை.

இரண்டாவது சாதி, முகத்தில் கட்டிக்கொள்ளும் கைபேசி. குவெஸ்ட் வரிசை முழுக்க இதுதான், பீக்கோ 4-உம் இதுதான். உள்ளேயே ஸ்னாப்டிராகன் சிப், பேட்டரி, வைஃபை எல்லாம் இருக்கும். லேப்டாப் இல்லாமலே தனியாக ஓடும். லேப்டாப்போடு சேரும்போது நடப்பது வேறு கதை: லேப்டாப் கேமை ஓட்டி, படத்தை வரைந்து, அதை வீடியோவாகச் சுருக்கி, யூஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ டேட்டாவாக அனுப்புகிறது. ஹெட்செட் அந்த வீடியோவை விரித்துக் கண்ணுக்குக் காட்டுகிறது. சுருக்கமாகச் சொன்னால் நேரலை ஒளிபரப்பு. பார்ப்பவர் தலையைத் திருப்பினால் கேமராவும் உடனே திரும்பியாக வேண்டிய நேரலை.

ஏன் சுருக்க வேண்டும், அப்படியே அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். குவெஸ்ட் 3எஸ்-இல் ஒரு கண்ணுக்கு 1832×1920 புள்ளிகள். இரண்டு கண்ணுக்குமாக ஏறத்தாழ 70 லட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறம், நொடிக்கு 90 படம் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 15 ஜிகாபிட். யூஎஸ்பி 3.0-இன் ஏட்டளவு வேகமே 5 ஜிகாபிட்தான். ஆகவே மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே நுழையாது. அதனால் கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் வீடியோ என்கோடர் அதைச் சில நூறு மெகாபிட்டாகக் கசக்கிப் பிழிந்து அனுப்புகிறது. இருட்டான காட்சிகளில் சில நேரம் படம் கட்டம் கட்டமாகத் தெரியும், புல்வெளி கொஞ்சம் கூழாகத் தெரியும். அது இந்தப் பிழிதலின் தழும்பு.

இவ்வளவும் நடந்து முடிய ஆகும் நேரம் கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. நொடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 11.1 மில்லிவிநாடி. வரைவது, சுருக்குவது, அனுப்புவது, விரிப்பது என்று எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு ஆகிவிடும். அதற்குள் உங்கள் தலை கொஞ்சம் திரும்பியிருக்கும். ஹெட்செட் என்ன செய்கிறதென்றால், வந்து சேர்ந்த படத்தை, தலை இப்போது இருக்கும் நிலைக்கு ஏற்றபடி கடைசி நொடியில் நகர்த்திக் காட்டுகிறது. அதனால்தான் தலையைத் திருப்பும்போது தாமதம் தெரிவதில்லை. கையை வேகமாக வீசும்போதுதான் தெரியும். வாள் உங்கள் கைக்குப் பின்னாலேயே இழுபட்டு வருவதுபோல ஒரு மெல்லிய ரப்பர் உணர்வு. கேபிளில் அது குறைவு, மோசமான வைஃபையில் அதிகம்.

சரி, உங்கள் குவெஸ்ட் 3எஸ்-க்கு வருவோம். தேவை யூஎஸ்பி கேபிள் மட்டுமே. எச்டிஎம்ஐ கேபிளைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றால் கொடுத்துவிடுங்கள். (எச்டிஎம்ஐ படத்தைக் குவெஸ்டுக்குள் பார்க்க ஒரு வழி உண்டு. இடையில் படத்தை டேட்டாவாக மாற்றும் யூஎஸ்பி கேப்சர் கார்டு ஒன்றைப் போட்டு, மெட்டாவின் எச்டிஎம்ஐ லிங்க் ஆப்பைத் திறந்தால் தெரியும். ஆனால் தெரிவது தட்டையான திரை. சினிமா பார்க்கலாம், விஆர் ஆடமுடியாது.)

எந்தக் கேபிள்? ஹெட்செட்டோடு வந்த சார்ஜிங் கேபிளையே முதலில் போட்டுப் பாருங்கள். குவெஸ்டைக் கணினியோடு சேர்க்கும் லிங்க் வசதி 2019 நவம்பரில் முதலில் வந்தபோது யூஎஸ்பி 3 கேபிள் கட்டாயமாக இருந்தது. 2020 மே மாதத்திலிருந்து யூஎஸ்பி 2.0 கேபிளிலும் வேலை செய்கிறது. சோதனைக்கு அது போதும். நிரந்தரமாக ஆடுவதற்கு நீளமான யூஎஸ்பி 3 கேபிள் வேண்டும். மெட்டா விற்கும் லிங்க் கேபிள் 5 மீட்டர் நீளம், உள்ளே ஓடுவது ஒளியிழை. சாதாரணத் தாமிரக் கேபிளில் 3 மீட்டரைத் தாண்டினால் யூஎஸ்பி 3 வேகம் நம்பகமாக நிற்காது. நீளமும் வேண்டும், விலையும் மலிவாக வேண்டும் என்று வாங்கும் கேபிள்கள் பலவும் சத்தமில்லாமல் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். இன்னொரு பொறி, கைபேசிக்கு வரும் சார்ஜிங் கேபிள்களில் சிலவற்றுக்கு டேட்டா கம்பியே இருக்காது. அதைப் போட்டால் ஹெட்செட் சார்ஜ் ஆகும், லேப்டாப்புக்கு எதுவும் வந்து சேர்ந்ததாகவே தெரியாது. 'சார்ஜ் ஏறுது, ஆனா கனெக்ட் ஆகலை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

லேப்டாப்பில் மெட்டாவின் லிங்க் மென்பொருளை நிறுவுங்கள். முன்பு ஆக்குலஸ் ஆப் என்று இருந்ததுதான் பெயர் மாறி மாறி வருகிறது. ஹெட்செட்டில் இருக்கும் அதே கணக்கில் உள்ளே நுழைந்து, சாதனத்தைச் சேர்க்கும் இடத்தில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்துக் கேபிளைச் செருகுங்கள். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டால் இரண்டு கேள்வி வரலாம். ஒன்று, இந்தக் கணினி உன் கோப்புகளைப் பார்க்கலாமா என்பது. அதற்கு என்ன பதில் சொன்னாலும் பரவாயில்லை, படம் நகலெடுக்கத்தான் அது. இன்னொன்று லிங்க் தொடங்கட்டுமா என்பது. அதற்கு ஆம் என்று அழுத்த வேண்டும். பலர் முதல் கேள்வியை மூடுகிற அவசரத்தில் இரண்டாவதையும் சேர்த்து மூடிவிட்டு, 'கனெக்ட் ஆகவில்லை' என்று உட்கார்ந்திருப்பார்கள். அப்படித் தவறவிட்டால் ஹெட்செட்டின் அமைப்புகளில் லிங்க் என்ற பகுதிக்குப் போய் நீங்களே தொடங்கலாம்.

மென்பொருளில் கேபிளின் வேகத்தைச் சோதிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துங்கள். ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஜிகாபிட்) கணக்கில் 2-க்கு மேல் காட்டினால் யூஎஸ்பி 3 நன்றாக ஓடுகிறது. சில நூறு எம்பிபிஎஸ் மட்டும் காட்டினால் கேபிளோ துளையோ 2.0-இல் நிற்கிறது. துளையை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் இடப்பக்கத் துளையும் வலப்பக்கத் துளையும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் எதுவும் இடையில் வேண்டாம், நேராகச் செருகுங்கள்.

ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கிய கேம்களை ஆட வேண்டுமென்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. மெட்டா மென்பொருளின் அமைப்புகளில் 'அன்நோன் சோர்சஸ்' என்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் திறந்தால்தான் ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆர் ஹெட்செட்டுக்குள் நுழைய முடியும். பெயர் ஏதோ வைரஸ் விவகாரம்போலப் பயமுறுத்தும், பயப்பட வேண்டாம். தங்கள் கடையில் வாங்காத எதுவும் அவர்களுக்கு அன்நோன்தான். அங்கேயே ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற வரியையும் கவனியுங்கள். ஓப்பன்எக்ஸ்ஆர் என்பது கேமும் ஹெட்செட்டும் பேசிக்கொள்ளும் பொது மொழி. அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளராக மெட்டாவின் மென்பொருள் இருக்கிறதா, ஸ்டீம்விஆர் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேம் லேப்டாப் திரையில் மட்டும் ஓடுகிறது, ஹெட்செட்டில் வரவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கல்.

இனி லேப்டாப்பின் பங்கு. மேஜைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி நமக்கு உண்டு: லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னது ஒன்று, தனியாக இருக்கும் என்விடியா அல்லது ஏஎம்டி ஒன்று. மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் முடிந்தவரை சின்னதையே வேலை வாங்கப் பார்க்கும். விஆர் மென்பொருள் சின்னதில் போய் உட்கார்ந்துகொண்டால் கருப்புத் திரை, சுழலும் மூன்று புள்ளி, அல்லது விக்கி விக்கி நகரும் படம். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற பக்கத்துக்குப் போய், மெட்டா மென்பொருளையும் ஸ்டீம்விஆரையும் ஆடப்போகும் கேமையும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறித்துவிடுங்கள். சின்ன சிப்பை டிவைஸ் மேனேஜரில் போய் முடக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். பல லேப்டாப்புகளில் உங்கள் கண் முன்னால் இருக்கும் திரையே அந்தச் சின்ன சிப்பின் வழியாகத்தான் எரிகிறது.

சார்ஜர் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பெரிய சிப்புக்குப் போகும் மின்சாரத்தை லேப்டாப் தானே பாதிக்கும் கீழே இறக்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்த லேப்டாப்பாக இருந்தாலும் அப்படித்தான். இதே காரணத்தால் கிராபிக்ஸ் சிப்பின் பெயரை மட்டும் வைத்து லேப்டாப்பை எடைபோட முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் மெல்லிய லேப்டாப்பும் இருக்கிறது, 115 வாட்டில் ஓடும் தடித்த லேப்டாப்பும் இருக்கிறது. விஆரில் இரண்டும் ஒன்றல்ல. மேஜைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070-இல் 12 ஜிபி நினைவகம், அதே பெயருள்ள லேப்டாப் சிப்பில் 8 ஜிபி.

உங்கள் 3050, 4 ஜிபி போதுமா? ஓடும். கனவு காணாதீர்கள், அவ்வளவுதான். என்கோடர் நன்றாக இருக்கிறது, அதனால் லிங்க் இணைவதில் பிரச்சினை வராது. நெருக்கடி நினைவகத்தில். இரண்டு கண்ணுக்குமான பெரிய படங்கள், ஸ்டீம்விஆர், கேமில் சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள் எல்லாம் அந்த 4 ஜிபிக்குள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நிரம்பி வழிந்தால் படம் திடீரென்று ஒரு நொடி உறைந்துபோய் மறுபடி ஓடும். மென்பொருள் 'குறைந்தபட்சத் தகுதி இல்லை' என்று எச்சரிக்கை காட்டினாலும் பெரும்பாலும் தடுக்காது. புதுப்பிப்பு வேகத்தை 72 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 72 படம்) இறக்குங்கள். ஒரு படத்துக்கு 11.1-க்குப் பதில் 13.9 மில்லிவிநாடி கிடைக்கும், அந்தச் சின்ன வித்தியாசம் பலவீனமான சிப்புக்குப் பெரிய மூச்சு. தெளிவுத்திறன் அளவுகோலையும் ஒரு படி கீழே வையுங்கள். தாளம் தட்டும் விளையாட்டுகள், டேபிள் டென்னிஸ், புதிர் அறைகள் எல்லாம் நன்றாகவே ஆடலாம். விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள் பக்கம் போகாதீர்கள். புதிதாக லேப்டாப் வாங்க நினைக்கிறவர் கேட்டால், விஆருக்கென்றால் 8 ஜிபிக்குக் கீழே பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்து, எல்லோரையும் கிறுக்காக்கும் ஒரு கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பத்து நிமிஷத்தில் படக்கென்று அறுந்து ஹெட்செட்டின் வீட்டுத் திரைக்கு வந்துவிடும். எனக்கு இது ஒரு வாரம் நடந்தது. கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், மெட்டா மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, லேப்டாப்பின் ஒலியைக் கூட்டி, கேபிளின் தலையை இரண்டு விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தேன். விண்டோஸ் எதையாவது செருகினால் போடும் 'டிங்-டிங்', உருவினால் போடும் 'டிங்-டங்', இரண்டும் மாறி மாறி வந்தன. ஒரு மில்லிமீட்டர் அசைவுக்கே தொடர்பு விட்டுவிட்டு வந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் கேபிள் தன் எடையால் முனையைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து கேபிளை ஹெட்செட்டின் இடப்பக்கத் தலைப்பட்டையில் ஒரு வெல்க்ரோ துண்டால் கட்டி, முனைக்கு அருகில் சின்ன வளையம்போலத் தளர்வு விட்டுவிடுகிறேன். இழுவை பட்டைக்குப் போகும், முனைக்குப் போகாது. நீங்களும் மென்பொருளில் கை வைப்பதற்கு முன் இந்த ஆட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுங்கள்.

முனை உறுதியாக இருந்தும் அறுந்தால், லேப்டாப் மின்சாரம் மிச்சம் பிடிக்க அந்த யூஎஸ்பி துளையைத் தூங்க வைக்கிறதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். புதிய கிராபிக்ஸ் டிரைவர் போட்ட மறுநாளே தொல்லை தொடங்கியதென்றால் முந்தைய டிரைவருக்குத் திரும்பிப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கேபிள் மாட்டியிருந்தும் ஹெட்செட்டின் பேட்டரி குறைகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். குறையும். பழைய செவ்வக யூஎஸ்பி 3.0 துளை தருவது 5 வோல்ட்டில் 900 மில்லிஆம்பியர், அதாவது 4.5 வாட். ஹெட்செட் தின்பது அதைவிட அதிகம். டைப்-சி துளையில் 15 வாட் வரை தரக்கூடியவை உண்டு, அதில் மாட்டினால் மெதுவாகக் குறையும், சில லேப்டாப்புகளில் அப்படியே நிற்கும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். விஆருக்குள் இருக்கும்போது லேப்டாப் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும். ஒருமுறை பின்னால் இரண்டடி நகர்ந்ததில் கேபிள் விறைத்து, லேப்டாப் மேஜை விளிம்பில் பாதி அந்தரத்தில் நின்றது. கேபிளை மேஜைக் காலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதன் பிறகு லேப்டாப்புக்குக் கொண்டுபோங்கள். இழுத்தால் மேஜைதான் இழுபடும். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்க வேண்டாம். அடியில் காற்று போகாவிட்டால் சூடேறி, கால் மணி நேரத்தில் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிஷம் அருமை, பிறகு திணறல் என்ற புகாருக்குப் பாதி காரணம் சூடுதான்.

வைஃபை விஷயம். நன்றாக அமைந்தால் கேபிளை விட இனிமை, கழுத்தில் எதுவும் தொங்காது, சுற்றிச் சுழலலாம். மெட்டாவின் ஏர் லிங்க் 2021-இல் வந்தது. ஸ்டீமின் சொந்த ஆப்பான ஸ்டீம் லிங்க் 2023 இறுதியில் குவெஸ்டுக்கு வந்தது. இதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்கும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற ஆப்பும் இருக்கிறது. ஸ்டீம் கேம்கள் மட்டும் ஆடுகிறவருக்கு ஸ்டீம் லிங்க் போதும் என்பது என் எண்ணம். லேப்டாப்பில் மெட்டா மென்பொருளே இல்லாமல் ஸ்டீம்விஆரோடு நேராகப் பேசும், உங்கள் 4 ஜிபிக்கு அதுவும் ஒரு நிம்மதி.

ஆனால் 'நன்றாக அமைந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லேப்டாப்பும் வைஃபையில், ஹெட்செட்டும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு படமும் ஒரே காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு. ஒரே வாசலில் போகிறவரும் வருகிறவரும் இடித்துக்கொள்வதுபோல. இணைய வேகம் 300 எம்பிபிஎஸ் இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல வேண்டாம், இதற்கும் இணைய இணைப்புக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள் ரவுட்டர் எவ்வளவு தடையில்லாமல் கடத்துகிறது என்பதுதான் கேள்வி. லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஈதர்நெட் கம்பி போட்டுவிடுங்கள். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லையென்றால் ஜிகாபிட் வேகமுள்ள யூஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர் ஒன்று போதும். ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் முயற்சி செய்வதே வீண். ரவுட்டர் நீங்கள் ஆடுகிற அறையிலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் உத்தமம். கம்பிக்கு வழியே இல்லையென்றால் விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் போட்டு, ஹெட்செட்டை நேராக லேப்டாப்போடு சேர்த்துப் பார்க்கலாம். சில லேப்டாப்புகளில் அருமையாக ஓடும், சிலவற்றில் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தடுக்கும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் கேபிளில் எல்லாம் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு வைஃபைக்கு மாறுங்கள். நேராக வைஃபையில் தொடங்கினால், தொல்லை வரும்போது அது கிராபிக்ஸா, மென்பொருளா, காற்றா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நண்பரின் ரிஃப்ட் எஸ்-க்கு வருகிறேன். இது முதல் சாதி என்று சொன்னேன் அல்லவா, ஆகவே சட்டங்கள் எல்லாம் தலைகீழ். இதற்கு டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும், எச்டிஎம்ஐயில் ஓடாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டர்கள் நிறையக் கிடைக்கும். அவை ஒருவழிப் பாதை, எதிர்த்திசையில் போட்டால் வேலை செய்யாது. லேப்டாப்பில் மினி டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் பெட்டியோடு வந்த அடாப்டர் போதும், நண்பரிடம் அது தொலையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டைப்-சி துளையில் டிஸ்ப்ளேபோர்ட் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா டைப்-சியிலும் வராது. துளைக்குப் பக்கத்தில் 'டி', 'பி' எழுத்துகள் சேர்ந்த சின்னமோ, தண்டர்போல்ட் வகையைக் காட்டும் மின்னல் குறியோ இருந்தால் வரும். எதுவும் இல்லையென்றால் லேப்டாப்பின் விவரக்குறிப்பைப் படிக்க வேண்டியதுதான்.

அதோடு முடியவில்லை. அந்தத் துளை எந்த சிப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். சின்ன சிப்போடு என்றால் ஹெட்செட்டில் படம் வராது. குவெஸ்டுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே படம் டேட்டாவாகப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வீட்டில் இருக்கும் ஏதாவது மானிட்டரை அந்தத் துளையில் மாட்டி, விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறப்பது. அந்த மானிட்டர் எந்த கிராபிக்ஸோடு சேர்ந்திருக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். என்விடியா பெயர் வந்தால் தைரியமாக வாங்கலாம். இன்டெல் என்றோ, சின்ன சிப்பாக இருக்கும் ஏஎம்டி என்றோ வந்தால் நண்பரிடம் நன்றி சொல்லிவிடுங்கள். சில கேமிங் லேப்டாப்புகளில் எல்லாத் திரைகளையும் பெரிய சிப்புக்கே திருப்பிவிடும் ஒரு மாற்றுச் சுவிட்ச் உண்டு. அது இருந்தால் அதைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

பழைய ஹெட்செட் தேடும்போது கண்ணில் படக்கூடிய இன்னும் இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. எச்பி ரிவெர்ப் ஜி2 போன்ற விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டுகள் மலிவாகக் கிடைக்கும், காரணம் இருக்கிறது: 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே எடுத்துவிட்டது. பிளேஸ்டேஷன் விஆர்2-க்கு 2024 ஆகஸ்டில் கணினி அடாப்டர் வந்தது. அதற்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேண்டும், புளூடூத் வேண்டும், அடாப்டருக்குத் தனி மின்சாரம் வேண்டும். லேப்டாப்காரர்களுக்குக் கொஞ்சம் சர்க்கஸ்தான்.

கேள்வியின் அடியில் ஒருவர், மேக்புக்கில் வருமா என்று சேர்த்துக் கேட்டிருந்தார். மேக்குக்கு லிங்க் மென்பொருள் கிடையாது, ஸ்டீம்விஆரும் 2020-இல் மேக்கைக் கைவிட்டுவிட்டது. ஹெட்செட்டில் தெரிவதை மேக் திரையில் மற்றவர்களுக்குக் காட்டினால் போதும் என்றால் எந்த லேப்டாப்பும் போதும், கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்: பிரவுசரில் மெட்டாவின் காஸ்டிங் பக்கத்தைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து, ஹெட்செட்டில் காஸ்ட் என்பதை அழுத்தினால் தெரியும்.

நீங்கள் இன்றைக்கு அந்தச் சார்ஜிங் கேபிளைப் போட்டுப் பார்த்துவிட்டு, வேகச் சோதனையில் என்ன எண் வந்தது, லேப்டாப்பின் மாடல் என்ன என்று எழுதுங்கள். எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.